தரையில் உட்கார்ந்த கிதார்

1975 ஜூலை 5ந் தேதி, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஐந்து பேர் வாசித்தார்கள். கிதார் ஜான் மக்லாக்லின். வயலின் எல். சங்கர். தபலா ஜாகீர் ஹுசேன். கடம் டி.எச். விநாயகராம். மிருதங்கம் ராம்நாட் ராகவன். குழுவின் பெயர் சக்தி. ரசிகர்கள் முன்னிலையில் வாசித்தது 1976ல் தட்டாக வெளிவந்தது. மூன்றே உருப்படிகள், ஐம்பது நிமிஷத்துக்குச் சற்றுக் கூட. சக்தியின் முதல் தட்டு இதுதான். ஒரு குழு தன் முதல் தட்டை ஸ்டூடியோவுக்கு வெளியே, திருத்திக்கொள்ள வசதியில்லாத ஓரிடத்தில் வைத்துக்கொண்டது என்பதிலிருந்தே இதைப் பற்றிய யோசனையை ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆனால் நம்மவர்கள் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. 2024 பிப்ரவரியில் சக்தியின் புதிய தட்டான ‘திஸ் மொமெண்ட்’ க்ராமி பரிசு பெற்றபோதும், அதே வருஷம் டிசம்பரில் ஜாகீர் ஹுசேன் ஸான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானபோதும் பத்திரிகைகள் எழுதியவற்றைப் படித்தேன். சங்கமம், பாலம், கிழக்கும் மேற்கும் கைகோர்த்தல். கல்யாணப் பத்திரிகையின் பாஷை. இன்னொரு பக்கம், இதெல்லாம் இசையே அல்ல, வெள்ளைக்காரனுக்காகக் கடைந்த மோர் என்று உதட்டைப் பிதுக்குகிற சபா ரசிகர். இந்த இரு தரப்பாருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இருவரும் தட்டைக் கேட்பதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்கு அது நம் வெற்றி, மற்றவருக்கு நம் சீரழிவு. இரண்டிலும் ‘நாம்’தான் விஷயம், சப்தம் விஷயமில்லை.

எனக்கு இதில் சபா சார்பும் இல்லை, ஜாஸ் கிளப் சார்பும் இல்லை. கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவனில்லை. ஜாஸ் எனக்குக் கல்லூரியில் ஆங்கிலம் படித்த நாட்களில் ஒரு சிநேகிதன் மூலம் வந்து சேர்ந்தது. இப்போது கொல்லிமலையில், செம்மேட்டில், ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறித்தான் இங்கு வரவேண்டும். கடைசி பஸ் இறங்கிப் போன பிறகு இந்த ஊரில் ஒருவன் செய்யக்கூடியவை குறைவு. படிக்கலாம், அல்லது கேட்கலாம். பனி இறங்கியதும் எட்டு மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடுகிறது. அடங்கிய தெருவில் சின்னச் சப்தங்களுக்கு ஒரு ஸ்தானம் கிடைக்கிறது. விநாயகராமின் விரல் நகம் பானையின் கழுத்தில் படுவதையும் அதே விரல் அடிவயிற்றுப் பகுதியில் படுவதையும் பிரித்துக் கேட்க எனக்கு இந்த ஊர்தான் கற்றுக்கொடுத்தது. சமவெளியில் நான் இருந்த ஊரில் அதற்கு வழியில்லை. லாரி ஹாரன்களுக்கு நடுவில் கடம் ஒரு வதந்திதான்.

மக்லாக்லின் எங்கிருந்து இந்த மேடைக்கு வந்து சேர்ந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1969ல் அமெரிக்கா சென்று மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தார். டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ தட்டில் ஒரு உருப்படிக்கே மக்லாக்லினின் பெயர். அந்தத் தட்டு நாடாவை வெட்டியும் ஒட்டியும் ஆனது. தயாரிப்பாளர் டியோ மாசெரோவின் கத்தரிக்கு அதில் ஒரு வாத்தியக்காரனின் பங்கு உண்டு. பிறகு 1971ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. பெயர் அவருடைய அன்றைய குரு ஸ்ரீ சின்மய் கொடுத்தது. இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிதார், பில்லி காபமின் டிரம்ஸ், யான் ஹாம்மரின் மின் விசைப்பலகை. ஜாஸின் கணக்கும் ராக்கின் மின்சாரமும் சேர்ந்து உக்கிரமான ஓசை. அரங்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு கேட்கவேண்டிய அளவு சத்தம்.

அந்தக் குழு 1973 நடுவில் லண்டனில் ஒரு ஸ்டூடியோ தட்டைப் பதிவு செய்தது. உள்ளே மனஸ்தாபங்கள். அந்தப் பதிவு பெட்டிக்குள் போயிற்று, வெளியே வர 1999 ஆயிற்று. அதற்குப் பதிலாக, 1973 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கூட்டத்தின் முன் வாசித்தது தட்டாக வந்தது. ‘பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் இடெர்னிடி’. அந்த ஐவர் கூட்டணி ஜீவித்திருந்த காலத்தின் கடைசித் தட்டு அது. அதிலும் மூன்றே உருப்படிகள், இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. சக்தியின் முதல் தட்டிலும் மூன்றே உருப்படிகள், இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி.

இரண்டு வருஷத்துக்குள் நடந்த இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு மனுஷனுக்குள் என்ன நடந்தது என்பது புரியும். சென்ட்ரல் பார்க் தட்டில் ஐந்து பேரும் மகா வித்வான்கள். ஆனால் ஒருவர் வாசிப்பு மற்றவர் வாசிப்பின் மேல் ஏறி நிற்கிறது. அந்தக் குழு உடையப்போகிறது என்பதை அறிந்து கேட்பதால் அப்படித் தோன்றுகிறது என்று சொல்லலாம். இருக்கட்டும். ஒலிபெருக்கி இருக்கும்வரை ஒரு கலைஞன் அடுத்தவனைக் கேட்காமலேயே கேட்கப்பட முடியும். சக்தியில் அது முடியாது. கடத்தின் மெல்லிய விரல்பாட்டுக்குப் பக்கத்தில் வாசிக்கிற கிதார், கடம் கேட்கிற அளவுக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டே ஆகவேண்டும். மைக் உண்டுதான். ஆனால் பானை நிர்ணயித்த அளவுக்குள்தான் மைக்கும் வேலை செய்கிறது. அக்குழுவில் சப்தத்தின் உச்சவரம்பை விதித்தது மண்.

முதல் உருப்படி ‘ஜாய்’. பதினெட்டு நிமிஷம். ஆரம்பத்திலேயே பாய்ச்சல். கிதாரும் வயலினும் ஒரே ஸ்வரவரிசையை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு ஓடுகின்றன. பிறகு ‘லோட்டஸ் ஃபீட்’, ஐந்து நிமிஷம்கூட இல்லை, ஒரு சின்ன மெட்டு. இரண்டாம் பக்கத்து உருப்படிக்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீண்ட தலைப்பு. அது எனக்கு வேண்டாம் இது எனக்கு வேண்டாம் என்று ஆரம்பித்து இறைவன் காலடியில் ஆனந்த நடனமாடி முடிகிற தலைப்பு. பக்திப் பிரசுரத்தின் வாடை அடிக்கிறது. ஆனால் உருப்படி தலைப்பை விடப் பெரிது. ஏறத்தாழ இருபத்தொன்பது நிமிஷங்களில் அது எங்கும் அவசரமாக ஆனந்தத்தை அடைந்துவிடவில்லை. தேடிக்கொண்டு போகிறது, நிற்கிறது, தாள வாத்தியங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது, திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இந்த ஒழுங்கு எங்கிருந்து கிடைத்தது? இதற்குப் பதில் ஆன்மீகத்தில் இல்லை, ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வித்வான்கள் கர்நாடக சங்கீதம் கற்பித்து வந்தார்கள். அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் மக்லாக்லின் வீணை கற்றார். ராகவன் அங்கு மிருதங்கம் கற்பித்தவர். சங்கர், வயலின் வித்வான் வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன், அங்கே ஆராய்ச்சி மாணவர். ஆக, இரு நாகரீகங்கள் கைகோர்த்ததல்ல நடந்தது. ஒருவர் உட்கார்ந்து பாடம் கேட்டார். முப்பது வயதில், உலகப் புகழ் பெற்ற பிறகு, சரளி வரிசைக்காரனாக உட்கார்ந்தார். இது எந்த அஞ்சலிக் கட்டுரைக்கும் ஸ்வாரஸ்யமான செய்தியாகப் படவில்லை.

கற்றதன் விளைவு வாத்தியத்தின் மேலேயே தெரிகிறது. கிதாரின் கழுத்தில் மெட்டுகள் உண்டு. மெட்டு ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரத்தை இன்ன இடம் என்று கட்டிப்போடுகிறது. கமகத்துக்கு அது விரோதி. ஸ்வரம் ஒரு இடமல்ல, ஒரு அசைவு என்பது நம் சங்கீதத்தின் அடிப்படை. வீணையில் மெட்டுகளுக்கு நடுவில் தந்தியை இழுக்கவும் அழுத்தவும் இடம் இருக்கிறது, கிதாரில் விரல் மரப்பலகையில் போய் முட்டிவிடுகிறது. மக்லாக்லின் என்ன செய்தார்? சக்திக்கென்று கிப்ஸன் கம்பெனியில் ஏப்ரஹாம் வெக்டர் என்ற தச்சுக் கலைஞரைக் கொண்டு ஒரு கிதார் செய்வித்தார். அதில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார். தந்திக்கும் மரத்துக்கும் இடையில் பள்ளம். அதற்குள் விரல் இறங்கலாம், தந்தி வளையலாம். குறுக்கே ஏழு தந்திகள் சுருதிக்கென்று தனியாக. அதை எடுத்துக்கொண்டு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இதற்கு நம் பக்கத்தில் நேர் சமமான ஒரு சம்பவம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் ஐரோப்பிய வயலினைக் கையில் எடுத்தார்கள். நின்றுகொண்டு தாடைக்கடியில் இடுக்கி வாசிக்கிற வாத்தியம் அது. காலப்போக்கில் நாம் அதைத் தரையில் உட்கார வைத்தோம். அதன் தலையை வலது கால் மேல் சாய்த்தோம். இடது கை வாத்தியத்தைத் தாங்குகிற வேலையிலிருந்து விடுபட்டது, தந்தி நெடுக வழுக்கிப் போகச் சுதந்திரம் பெற்றது. சுருதி கூட்டும் முறையையும் ஸட்ஜ பஞ்சமமாக மாற்றினோம். இதைச் செய்தவர்கள் யாரும் கலப்பு பற்றி அறிக்கை விடவில்லை. இன்று வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. சக்தியின் மேடையில் சங்கரின் மடியில் கிடந்தது, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வந்து உட்கார்ந்த ஒரு அன்னியன். பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்த இன்னொரு அன்னியன். இந்த உண்மை தெரிந்த பிறகு கிழக்கு, மேற்கு என்ற பேச்சுக்கு அர்த்தமென்ன?

நான் சொல்ல விரும்புவது இதுதான். பாதிப்பு என்பது சப்தத்தின் மேல் பூசுகிற வர்ணமல்ல. அது வாத்தியத்தின் உடம்பை மாற்றுவது, அதற்கு முன் வாசிப்பவன் உடம்பை மாற்றுவது. உட்காரும் விதம் மாறாமல், மரம் செதுக்கப்படாமல் நடப்பது எல்லாம் இரவல் நகை. இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு இது சங்கீத விஷயம் மட்டுமல்ல. ‘எழுத்து’ 1959ல் ஆரம்பித்த நாளிலிருந்து நம் புதுக்கவிதை மேற்கிலிருந்து வந்தது என்ற வசையையும் பெருமையையும் மாறி மாறிக் கேட்டு வருகிறோம். கேட்கப்படாத கேள்வி, எந்தக் கவிதையில் மரம் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது. பிச்சமூர்த்தி விட்மனைப் படித்தார். ஆனால் யாப்பின் மெட்டுகளுக்கு நடுவே தமிழ் வாக்கியம் இறங்கி வளைய ஒரு பள்ளத்தைத் தோண்டியது அவருடைய வேலை. அவருக்குப் பின் வந்த சிலர் அதைச் செய்தார்கள். மற்றவர்கள் ஒலிபெருக்கி வாங்கினார்கள். படிமம், இருண்மை, சர்ரியலிஸம் என்று புதிது புதிதாக இறங்கிய ஒவ்வொன்றையும் பழைய வாத்தியத்திலேயே மாட்டிச் சத்தத்தைக் கூட்டினார்கள். அவர்களுடைய வாக்கியம் உட்கார்ந்திருக்கிற விதம் மாறவேயில்லை. இன்றும் எனக்குத் தபாலில் வருகிற தொகுப்புகளில் பாதிக்கு மேல் அந்த ரகம்.

இனி பானையைப் பற்றி. எங்கள் கிளைக்கு உதவித்தொகை வாங்க மாசாமாசம் வருகிற முதியவர் ஒருவர், தம் ஊர்க் கோயில் நோம்பிக்கு மேளம் அடிப்பவர். ஒருநாள் கணினி வேலைசெய்யாமல் எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் பக்கத்தில் தாளவாத்தியங்கள் தனித்து வருகிற பகுதியைக் கைபேசியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். காதோடு வைத்துக் கேட்டார். தபலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“இது பானைதானுங்களே சார்?”

“ஆமாங்க.”

“வாயைத் தொறந்து தொறந்து மூடறானே. கையி ரெண்டும் அடிக்குது. எதுலங்க மூடறான்?”

“வயித்துல” என்று என் சட்டையைத் தட்டிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப சோறு திங்காம அடிக்கோணும்” என்றார்.

ஜாஸ்-ராக் பற்றியோ கிழக்கு மேற்கு பற்றியோ அவர் ஒன்றும் அறிந்தவரில்லை. ஆனால் அந்தத் தட்டில் என்ன நடக்கிறது என்பதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்தார். ஒரு உடம்பு ஒரு மண்கலத்தோடு சேர்ந்து ஒரே வாத்தியமாக வேலை செய்கிறது. நான் படித்த எந்த விமர்சனத்தை விடவும் இது உசத்தி. தொழில் தெரிந்த காது அது.

அந்தப் பானை நம் கச்சேரியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? உபபக்கவாத்தியம் என்ற பதவி. பாடகர், வயலின், மிருதங்கம், அதற்குப் பின் கடம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் சொன்னதைத் திரும்பச் சொல்ல ஒரு முறை, அழைப்பிதழில் கடைசி வரி. விநாயகராம் எம்.எஸ். சுப்புலக்ஷ்மிக்கு வாசித்தவர். அவருடைய தகப்பனார் ஹரிஹர சர்மா தாளவாத்தியங்களுக்கென்றே சென்னையில் பள்ளி தொடங்கியவர். வித்வத்துக்குக் குறைவில்லை. இருந்தும் கடம் கிதாருக்கும் வயலினுக்கும் எதிரே, ஒருவரைப் பின்தொடராமல், தன் வாக்கியத்தைத் தானே ஆரம்பித்துத் தானே முடிக்கிற சமஸ்தானம் அதற்கு லாங் ஐலண்டில் கிடைத்தது. மிருதங்கமும் அதே மேடையில் இருக்கிறது, ஆனால் முதலாளியாக இல்லை. இதை மேற்கின் பெருந்தன்மையாக நான் பார்க்கவில்லை. அங்கே யாருக்கும் அந்த வரிசை தெரியாது, அவ்வளவுதான். தெரியாதவர்கள் நடுவில் ஒரு கலைஞனுக்குச் சம ஆசனம் கிடைக்கிறது, தெரிந்தவர்கள் நடுவில் கிடைப்பதில்லை என்றால் நம் தெரிதலைப் பற்றி அது என்ன சொல்கிறது?

கிழக்கு மேற்கு என்று பேசுகிறவர்கள் தவறவிடுகிற இன்னொரு சந்திப்பும் இத்தட்டில் உண்டு. தபலாவும் கடமும். பம்பாயில் உஸ்தாத் அல்லா ரக்காவின் மகனாகப் பிறந்தவரும் தமிழ்நாட்டுக் கடக்காரரும் ஒரே மேடையில், ஒரே தாளத்தில். ஜதிச்சொற்கள் வேறு, கணக்கு சொல்லும் வழி வேறு, சமத்துக்குத் திரும்புகிற மனோபாவம் வேறு. கிதாரோடு சேர்வதை விட இது கஷ்டம். அன்னியனோடு பேசும்போது கவனமாக இருப்போம், பங்காளியோடு பேசும்போதுதான் சண்டை. இங்கே சண்டையில்லை. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் ஒரு சொல்லை மட்டும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். விநாயகராம் நிறுத்துகிற இடங்களைக் கேட்கவேண்டும். வாசிப்பை விட அவை முக்கியம்.

தட்டில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. வேகம். ‘ஜாய்’ பல இடங்களில் சந்தோஷமாக இல்லை, பந்தயமாக இருக்கிறது. கேள்வி பதிலாக ஸ்வரங்களைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோய்க் கடைசியில் எல்லோரும் ஒன்றாக இறங்குவது நம் கச்சேரிகளிலும் பழகிய உத்தி. கைத்தட்டலுக்கு அது கைகண்ட மருந்து. எலெக்ட்ரிக் கிதாரைக் கீழே வைத்த மக்லாக்லின் அதன் தினவை முழுதாகக் கீழே வைக்கவில்லை. விளம்பத்தில் ஒரு ஸ்வரத்தின் மேல் உட்கார்ந்து அதைக் கனிய வைக்கிற பொறுமை ‘லோட்டஸ் ஃபீட்’ உருப்படியிலும் இரண்டாம் பக்கத்தின் சில நிமிஷங்களிலும்தான் வாய்க்கிறது. சாஹித்யம் இல்லாததும் ஒரு வறட்சி. துயரம் என்பது இந்தத் தட்டில் ஏறக்குறைய இல்லை.

விசித்திரம் என்னவென்றால், பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் குறையை மட்டும்தான். இன்று ஃப்யூஷன் என்ற பலகையின் கீழ் கல்லூரி விழாக்களிலும் மார்கழி மேடைகளிலும் நடப்பது பந்தயத்தின் நகல். செதுக்கிய மரம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இடைவெளி வேண்டியிருக்கவில்லை. சக்தியே அடுத்து இரண்டு ஸ்டூடியோ தட்டுகள் செய்தது, 1976லும் 1977லும். ராகவன் அவற்றில் இல்லை. நல்ல தட்டுகள்தான், உருப்படிகள் சிறுத்து, விளிம்புகள் ஒழுங்குபட்டிருக்கின்றன. ஆனால் யாராவது வழி தவறிவிடுவார்களோ என்ற பயம் அவற்றில் இல்லை. கூட்டத்தின் முன் நடந்த முதல் தட்டில் அந்தப் பயம் ஒவ்வொரு சமத்திலும் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வந்து விழுகிற அந்த நொடியில் கேட்கிற நிம்மதி ஸ்டூடியோவில் தயாரிக்க முடியாதது.

இந்த மலையின் தலைவன் வல்வில் ஓரி. வன்பரணர் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், காட்டில் வேட்டையாடி வந்த ஒருவன் முன் ஒரு கூட்டத்தார் வாசிக்கிறார்கள். அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. புலவர் விறலியரை நோக்கி ஒவ்வொரு வாத்தியத்தையும் ஆயத்தம் செய்யச் சொல்கிறார். முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, கடைசியில் பதலை. பதலையை மட்டும் மெல்ல வாசிக்கச் சொல்கிறார். பெயர் வரும்போது கேட்டிருந்தவன் நாணுகிறான். என் மனசில் நிற்பது, மெல்ல என்ற அந்த ஒரு கட்டளை. குழுவாக வாசிப்பது என்றால் என்ன என்று அறிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும். எது ஓங்க வேண்டும் என்று யாரும் சொல்லலாம், எது தணிய வேண்டும் என்று சொல்லக் காது வேண்டும். இந்த மலைக் காட்டில் வாசித்தவர்களுக்குத் தெரிந்திருந்த அந்த ஞானம், ஒரு மின்கிதார்க்காரர் தன் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் கேட்டதால், லாங் ஐலண்டில் ஒரு சாயங்காலம் திரும்ப நடந்தது. தட்டைக் கேட்க நினைப்பவர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கிதாரை விட்டுவிட்டு முதலில் பானையைத் தொடர்ந்து போங்கள். அது பேசுவதை நிறுத்துகிற இடத்தில் கிதார் எப்படி நுழைகிறது என்பதைக் கேட்டால் மற்றது விளங்கும்.